காற்றில் பங்கு வைத்திருக்கும் தீவு

டென்மார்க்கின் கலுண்ட்போர்க் துறைமுகத்தில், சாம்சோ தீவுக்குப் போகும் கப்பலுக்காகக் காத்து நிற்பவர்களின் கண்ணில் முதலில் படுவது எண்ணெய்தான். நாட்டின் மிகப் பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை அந்த ஊரில் இருக்கிறது. வளைகுடாவின் ஓரமாகத் தொட்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. சற்றுத் தள்ளி அஸ்னேஸ் மின் நிலையத்தின் உயரமான புகைபோக்கி. பல பத்தாண்டுகள் நிலக்கரியைத் தின்று ஓடிய நிலையம் அது. 2020-ல்தான் அதை விட்டுவிட்டு மரச்சில்லுகளுக்கு மாறியது. ஊருக்கு நடுவே, ஐந்து கோபுரங்கள் கொண்ட பழைய செங்கல் தேவாலயம் ஒன்றும் உண்டு. ஆனால் துறைமுகத்தில் நிற்கிறவருக்குக் கோபுரத்தைவிடப் புகைபோக்கியே பெரிதாகத் தெரிகிறது.

கப்பல் மேற்கே திரும்புகிறது. தொட்டிகளும் புகைபோக்கியும் முதுகுக்குப் பின்னால் சிறுத்துப் போகின்றன. இது போய்ச் சேரும் தீவு, எண்ணெயிலிருந்து விடுபட வேண்டும் என்று 1997-லிருந்து பாடுபட்டுவருகிறது. பரப்பு ஏறக்குறைய 114 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை 3,700 அளவில். தமிழ்நாட்டுக் கணக்கில் ஓர் ஊராட்சிக்குள் அடங்கிவிடும் கூட்டம். இந்தச் சின்னக் கூட்டம் செய்து காட்டியதைப் பார்க்கத்தான் ஜப்பானிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் பொறியாளர்களும் மேயர்களும் மாணவர்களும் ஆண்டு முழுக்க இந்தக் கப்பலில் ஏறுகிறார்கள்.

பயணம் ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டியது. தீவு நெருங்கும்போது இடப்பக்கம், தெற்கே, கடலுக்குள்ளிருந்து நேராக எழுந்து நிற்கும் பத்துக் காற்றாலைகள் தெரிகின்றன. ஒவ்வொன்றும் 2.3 மெகாவாட். இறக்கை நுனி நூறு மீட்டருக்கும் மேலே போய்த் திரும்புகிறது. இவற்றை நட்டபோது யார் சொந்தக்காரர் என்ற கேள்விக்குப் பதில் தெரிந்தால், சாம்சோவின் கதை முழுவதும் விளங்கிவிடும். ஐந்து, தீவின் நகராட்சிக்குச் சொந்தமாக இருந்தன. மூன்று, விவசாயிகளும் உள்ளூர்க்காரர்களும் சேர்ந்து முதல் போட்டவை. மீதி இரண்டும், சிறுகச் சிறுகப் பங்கு வாங்கிய சாதாரணக் குடும்பங்களுடையவையாக இருந்தன.

இது திடீரென்று நடந்ததல்ல. டென்மார்க் மக்களுக்கு எண்ணெயோடு ஒரு பழைய கசப்பு உண்டு. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெய் வரத்தை நெருக்கியபோது, தன் ஆற்றல் தேவையில் ஏறக்குறைய 90 சதவீதத்தை இறக்குமதி எண்ணெயில் நடத்திக்கொண்டிருந்த நாடு இது. அந்தக் குளிர்காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே தடை. வீட்டுக்குள் குளிர், சாலையில் சைக்கிள். அரசு அதற்குக் கண்ட மாற்று அணுமின்சாரம். அதை எதிர்த்து 1974-ல் ஒரு மக்கள் இயக்கம் கிளம்பியது. அடுத்த ஆண்டு ஆர்ஹுஸ் நகரில் அன்னே லுண்ட் என்ற இளம்பெண் வரைந்த, சிரிக்கும் சிவப்புச் சூரியன் சின்னம் அந்த இயக்கத்தின் அடையாளமாகி உலகம் முழுக்கப் பரவியது. அணுமின்சாரம் வேண்டாம் என்று 1985-ல் டென்மார்க் நாடாளுமன்றமே முடிவெடுத்தது.

வேண்டாம் என்று சொன்னவர்கள் அதோடு நிற்கவில்லை என்பதுதான் முக்கியம். ஜட்லாந்து தீபகற்பத்தின் மேற்குக் கரையில் துவின் என்ற இடத்தில், பள்ளி ஆசிரியர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து, அன்றைக்கு உலகிலேயே பெரியதாக இருந்த காற்றாலையைத் தாங்களே கட்டினார்கள். 1975-ல் தொடங்கிய வேலை. 1978-ல் இறக்கைகள் சுழன்றன. அது இன்னமும் நிற்கிறது. தச்சர்களும் கொல்லர்களும் பட்டறையில் சிறு காற்றாலைகளைச் செய்து பார்த்தார்கள். நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒன்றை வாங்குவது, வருகிற மின்சாரப் பணத்தைப் பங்குக்கு ஏற்பப் பிரித்துக்கொள்வது என்று ஊர் ஊராகக் கூட்டுறவுகள் முளைத்தன. 1882-லேயே கூட்டுறவுப் பால் பண்ணை நடத்தத் தொடங்கிவிட்ட விவசாயிகளின் நாட்டில் இதற்குத் தனிப் பாடம் தேவைப்படவில்லை. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காற்றாலைக் கூட்டுறவுகளில் பங்கு வைத்திருந்த குடும்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

தலைநகரிலும் அப்படித்தான். கோபன்ஹேகனின் அமாகர் கடற்கரையில் நின்றால், கடலில் மெல்ல வளைந்த ஒரே கோட்டில் இருபது காற்றாலைகள் தெரியும். மிடல்குருண்டன் என்று பெயர். முதலில் போட்ட திட்டத்தில் மூன்று வரிசையில் 27 காற்றாலைகள். நகரத்தின் காட்சி கெட்டுப்போகும் என்று மக்கள் சொன்னார்கள். கருத்துக்கேட்புக்குப் பிறகு இருபதாகக் குறைத்து ஒரே வளைவாக மாற்றினார்கள். அதில் பாதியை வாங்கியது, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கொண்ட ஒரு கூட்டுறவு. ஒரு பங்கின் விலை அப்போது 4,250 குரோனர்; ஆண்டுக்கு ஆயிரம் யூனிட் மின்சாரத்துக்கு அது ஈடு. ஒரு குடும்பம் தான் எரிக்கும் மின்சாரத்துக்குத் தேவையான அளவு பங்கை எண்ணி வாங்கிக்கொள்ள முடிந்தது. இந்த எளிமைதான் அதன் பலம்.

சாம்சோவின் கிழக்குக் கரையில், பாலன் என்ற சிறு துறைமுகத்தில் கப்பல் அணைகிறது. பாய்மரப் படகுகள், மீன் புகைபோடும் கடை, ஐஸ்கிரீம் வண்டி. கொஞ்ச தூரத்தில் நீண்டு தாழ்ந்த ஒரு கட்டடம். வைக்கிங் காலத்து நெடுமனைகளின் வடிவத்தை மனதில் வைத்துக் கட்டியது. 2007-ல் திறந்த, தீவின் ஆற்றல் கழகம் இதுதான். பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்வது இங்கேதான், தீவுக்காரர்கள் தங்கள் அடுத்த திட்டத்தைப் பற்றி வாதாடுவதும் இங்கேதான்.

சாம்சோவின் முயற்சிக்குப் பின்னணியில் ஒரு போட்டி இருக்கிறது. 1997-ல், கியோட்டோ மாநாட்டுக் காலத்தில், டென்மார்க்கின் சுற்றுச்சூழல், ஆற்றல் துறை அமைச்சர் ஸ்வென் அவுக்கன் ஒரு போட்டி அறிவித்தார். பத்தாண்டுக்குள் முழுக்க முழுக்கப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் வாழ முடியும் என்று எந்தத் தீவு நம்பத்தகுந்த திட்டம் தருகிறதோ அதற்குப் பட்டம். லேசோ, ஏரோ, மோன் தீவுகளும் துய்ஹோல்ம் தீபகற்பமும் சாம்சோவோடு போட்டியிட்டன. சாம்சோ வென்றது. பட்டம் கிடைத்ததே தவிர, பரிசுப் பணம் என்று எதுவும் வரவில்லை. திட்டத்தை எழுதியவரும் தீவில் வாழாத ஒரு பொறியாளர். நிறையத் தீவுவாசிகளுக்கு இப்படி ஒரு போட்டி நடந்ததே பிறகுதான் தெரியும்.

அன்றைய சாம்சோவின் நிலைமை இதற்கு ஏற்றதாகவும் இல்லை. எண்ணெய் கப்பலில் வந்தது. மின்சாரம், பெருநிலத்தின் நிலக்கரி நிலையங்களிலிருந்து கடலடிக் கேபிளில் வந்தது. வீட்டுக்கு வீடு எண்ணெய்க் கொதிகலன். இளைஞர்கள் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். சுமார் நூறு பேருக்குச் சோறு போட்ட இறைச்சிக்கூடமும் 1990-களின் இறுதியில் மூடப்பட்டது. வேலை போன ஊரில் போய்ப் பருவநிலை மாற்றம் பற்றிப் பேசினால் யார் காது கொடுப்பார்கள்?

அங்கேதான் சோரன் ஹெர்மான்சன் வருகிறார். அதே தீவில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளியில் சுற்றுச்சூழல் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். திட்டத்தின் முதல் ஊழியராக அவரை வேலைக்கு எடுத்தார்கள். ஊரில் எந்தக் கூட்டம் நடந்தாலும் போய் உட்கார்ந்தார். விளையாட்டுச் சங்கம், விவசாயிகள் சங்கம், கிராமக் குழு என்று ஒன்றையும் விடவில்லை. சில கூட்டங்களுக்கு இலவசமாக பீர் கொண்டுபோனார் என்பது பலரும் எழுதிய செய்தி. பனிப்பாறை உருகுவது பற்றி அவர் அதிகம் பேசவில்லை. குழாய் பதிக்கும் வேலை யாருக்குக் கிடைக்கும், எண்ணெய்க்கு வெளியே போகும் பணம் தீவுக்குள்ளேயே நின்றால் என்ன ஆகும், காற்றாலையில் போட்ட முதல் எத்தனை ஆண்டில் திரும்பும் என்று பேசினார். ஊரில் எல்லோரும் மதிக்கும் ஆட்களை முதலில் தேடிப் பிடித்தார். உள்ளூர் பிளம்பர்களுக்கும் கொல்லர்களுக்கும் புதிய வெப்பக் கருவிகளைப் பொருத்தும் பயிற்சி கிடைக்க வழி செய்தார். எண்ணெய்க் கொதிகலன் கெட்டுப்போனால் வீட்டுக்காரர் முதலில் கூப்பிடுவது பிளம்பரைத்தானே? அந்த பிளம்பர், பழையதையே மாட்டாமல் வேறு வழி சொன்னால், அது நூறு துண்டறிக்கைக்கு மேல்.

டைம் பத்திரிகை 2008-ல் ஹெர்மான்சனைச் சுற்றுச்சூழல் நாயகர்களில் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது. தகுதியான பாராட்டுதான். ஆனால் அவர் செய்ததன் சாரம் பொறுமை. ஒரே ஆளிடம் திரும்பத் திரும்பப் பேசும் பொறுமை. அதற்கு விருதுகள் அதிகம் இல்லை.

பாலனிலிருந்து சைக்கிளில் கிளம்பினால் சற்று நேரத்திலேயே தரைக் காற்றாலைகள் தென்படுகின்றன. தாண்டெருப், பெர்மெலில்லே, புருன்ட்பி ஊர்களின் வயல்வெளிகளில் மொத்தம் பதினொன்று. எல்லாம் 2000-ல் நட்டவை. ஒவ்வொன்றும் ஒரு மெகாவாட். தீவின் மின்தேவை முழுவதையும் ஆண்டுக் கணக்கில் ஈடுகட்ட இவையே போதும். ஒன்பது, விவசாயிகளுடையவை; இரண்டு, கூட்டுறவுப் பங்குதாரர்களுடையவை. எங்கே நடுவது என்பதில் சண்டை இல்லாமல் இல்லை. வடக்கே அழகான மேட்டு நிலத்தில் வேண்டாம் என்றார்கள்; கூடாது என்றே முடிவானது. தன் நிலத்தில் வராதா என்று ஏங்கிய விவசாயிகளும் இருந்தார்கள். யாருக்குமே வெளியிலிருந்து திணிக்கப்பட்டது என்ற எண்ணம் வராதபடி பார்த்துக்கொண்டதுதான் பெரிய வேலை. அரசு பத்தாண்டுக்கு நிலையான விலை தருவதாக உறுதி சொன்னது. வங்கி கடன் கொடுத்தது. கொள்கையும் வங்கியும் உதவாமல் மக்கள் ஆர்வம் மட்டும் இதைச் சாதித்திருக்க முடியாது. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை நேர்மையாக இருக்கும்.

காற்றாலை எல்லோருக்கும் தெரிகிறது. புகைப்படத்திலும் அழகாக விழுகிறது. ஆனால் எண்ணெயை நிஜமாக விரட்டியது வைக்கோல்.

டிரானபியெர்க்தான் தீவின் முக்கிய ஊர். அங்கே 1993-லேயே ஒரு வைக்கோல் கொதிகலன் நிலையம் வந்துவிட்டது. 2002-க்கும் 2005-க்கும் இடையில் மேலும் மூன்று வெந்நீர் நிலையங்கள் எழுந்தன: வடக்கே நோர்ட்பி, மோருப் ஊர்களுக்கு ஒன்று, ஓன்ஸ்பியெர்க்கில் ஒன்று, பாலன், புருன்ட்பிக்குச் சேர்த்து ஒன்று. கடைசியாகச் சொன்னது, அதிலிருந்து வெந்நீர் வாங்கும் வீட்டுக்காரர்களுக்கே சொந்தம்.

உள்ளே போய்ப் பார்த்தால் பிரமாண்டமாக எதுவும் இல்லை. ஒரு பெரிய களஞ்சியம். கோதுமையும் பார்லியும் அறுத்த வயல்களிலிருந்து வந்த வைக்கோல், ஆள் உயரக் கட்டுகளாகக் கூரை வரை அடுக்கியிருக்கிறது. ஒரு கட்டு அரை டன் கனம். மேலே ஓடும் கிரேன் ஒரு கட்டைக் கவ்வித் தூக்கி நகரும் பட்டையில் இறக்குகிறது. பட்டை மெதுவாகப் போகிறது. முனையில் பற்சக்கரங்கள் கட்டைப் பிய்த்துத் தூளாக்கிக் கொதிகலனுக்குள் தள்ளுகின்றன. காற்றில் போரடிக்கும் களத்து வாசனை. அடுத்த அறையில் குழாய்களும் பம்புகளும் முழங்குகின்றன. சூடேறிய நீர், கனமாக உறை போட்ட குழாய்களில், தெருவுக்கு அடியில் வீடு வீடாகப் போகிறது. வீட்டில் எண்ணெய்க் கொதிகலன் இருந்த இடத்தில் இப்போது ஓர் அலமாரி அளவுப் பெட்டி, ஒரு மீட்டர். வெப்பத்தைக் கொடுத்துவிட்டு ஆறிய நீர் திரும்பி நிலையத்துக்கே வந்துசேர்கிறது. எஞ்சிய சாம்பல் மறுபடி வயலுக்கு உரமாகப் போகிறது.

கணக்கு எளிது. ஏறக்குறைய மூன்று கிலோ வைக்கோல், ஒரு லிட்டர் எண்ணெய் தரும் வெப்பத்தைத் தரும். அப்படியானால் களஞ்சியத்தில் கிடக்கும் ஒவ்வொரு கட்டும் நூற்றறுபது லிட்டருக்கும் மேலான எண்ணெய். முன்பு அந்த எண்ணெய்க்கான பணம் கப்பலேறி வெளியே போனது. இப்போது பக்கத்து வயல்காரரின் பைக்குள் போகிறது. அவர் அதை டிரானபியெர்க் கடைத்தெருவில் செலவழிக்கிறார். தீவின் வெப்பத் தேவையில் ஏறக்குறைய முக்கால்பங்கு இன்று புதுப்பிக்கத்தக்க வழிகளிலிருந்து வருகிறது.

குழாய் எட்டாத ஒதுக்குப்புற வீடுகளில் சோலார், மரவில்லை அடுப்பு, ஹீட் பம்ப். ஒரு பால் பண்ணைக்காரர், கறந்த பாலைக் குளிர்விக்கும்போது அதிலிருந்து எடுத்த வெப்பத்தைக் கொண்டே தன் வீட்டைச் சூடாக வைத்துக்கொண்டார். மாட்டு மடியிலிருந்து வெதுவெதுப்பாக வருகிற பாலை எப்படியும் உடனே குளிரவைத்தாக வேண்டும். அந்த வெப்பத்தை வீணாக்குவானேன்?

வடக்கே போகும் சாலை கன்ஹாவே என்ற ஒடுங்கிய கழுத்தைக் கடக்கிறது. இங்கே தீவின் அகலம் மிகக் குறைவு. கி.பி. 726-ல் வெட்டிய பழைய கால்வாயின் தடம் புல்வெளியில் பள்ளமாகத் தெரிகிறது. கடற்படைகளை ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு விரைவாக அனுப்ப வெட்டியது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். சாலையோரங்களில் ஆளில்லாக் கடைகள். பலகையில் உருளைக்கிழங்குப் பைகள், கோடையில் ஸ்ட்ராபெரி, பக்கத்தில் ஓர் உண்டியல். விலையைப் பார்த்துப் பணத்தைப் போட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். சாம்சோவின் முதல் விளைச்சல் உருளைக்கிழங்குக்கு டென்மார்க் முழுவதும் பெரிய மதிப்பு. அதற்காகவே கோபன்ஹேகன் உணவகங்கள் காத்திருக்கும். பூட்டும் காவலும் இல்லாத அந்த உண்டியலைப் பார்க்கும்போது, ஊர் மக்கள் ஒருவரை ஒருவர் நம்பிக் காற்றாலைக்குப் பணம் போட்டது அவ்வளவு வியப்பாகத் தோன்றுவதில்லை.

நோர்ட்பி, மரச்சட்டங்களுக்கு நடுவே வண்ணம் பூசிய சுவர்களும் வைக்கோல் கூரைகளும் கொண்ட பழைய கிராமம். ஊருக்கு வெளியே, வெந்நீர் நிலையத்தின் பக்கத்துப் புல்வெளியில் 2,500 சதுர மீட்டருக்குச் சூரிய வெப்பத் தகடுகள் சாய்ந்து நிற்கின்றன. தகடுகளுக்கு அடியில் செம்மறியாடுகள் மேய்கின்றன. புல் வெட்டும் இயந்திரத்துக்கு எண்ணெய் வேண்டாம். கோடையில் வெயிலே ஊருக்குத் தேவையான வெந்நீரைப் பெரும்பாலும் தந்துவிடுகிறது. குளிர்காலத்தில் தீவின் காடுகளிலிருந்து வரும் மரச்சில்லு எரிகிறது.

இவ்வளவுக்கும் பிறகு சாம்சோ எண்ணெயை முற்றாக விட்டுவிட்டதா? இல்லை. கார்கள் பெட்ரோலில் ஓடின. டிராக்டர்கள் டீசலில் ஓடுகின்றன. கப்பல்களுக்கும் எரிபொருள் வேண்டும். 1997 திட்டத்தில் மின்கார்களும் இருந்தன. அன்றைய பேட்டரித் தொழில்நுட்பம் அதற்குத் தயாராக இல்லை. அந்தப் பகுதி தோற்றுப்போனது. அதற்கு ஈடாகத்தான் கடலுக்குள் பத்துக் காற்றாலைகள் நடப்பட்டன. போக்குவரத்து வெளியேற்றும் கரியமில வாயுவுக்குச் சமமாக, பெருநிலத்துக்குச் சுத்த மின்சாரம் அனுப்பிவிடுவது என்பது ஏற்பாடு. ஆகவே தீவு கார்பன் சமநிலை அடைந்தது என்று சொல்லும்போது அது வரவு செலவுக் கணக்கில் சரி. ஆனால் பெட்ரோல் பங்க் அங்கேயேதான் இருந்தது. இதைத் தீவுக்காரர்கள் மறைப்பதில்லை. 2030-க்குள் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எதுவும் எரியாத தீவாக வேண்டும் என்று புதிய இலக்கு வைத்திருப்பதே, பழைய கணக்கின் குறை அவர்களுக்குத் தெரியும் என்பதற்குச் சான்று.

இன்னொரு சிக்கலும் கண்ணெதிரே நிற்கிறது. காற்றாலைகளுக்கு வயதாகிவிட்டது. 2000-லும் 2002-லும் நட்டவை ஒருநாள் இறங்கியாக வேண்டும். இப்போது சந்தையில் கிடைப்பவை பல மடங்கு பெரியவை. அவற்றின் விலையும் பெரியது. பத்துப் பதினைந்து விவசாயிகள் வங்கிக்குப் போய்க் கடன் வாங்கி நட்டுவிடுகிற காலம் மலையேறிக்கொண்டிருக்கிறது. நாடு முழுவதும் இதே நிலைதான். காற்றாலை நடுகிறவர்கள், சுற்றியுள்ள 4.5 கிலோமீட்டருக்குள் வசிப்பவர்களுக்குக் குறைந்தது 20 சதவீதப் பங்கை விற்க முன்வர வேண்டும் என்று 2009-ல் டென்மார்க்கில் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. பின்னாளில் அதை எடுத்துவிட்டு, அருகில் வசிப்பவர்களுக்குப் பணமாக ஈடு கொடுக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். இது பின்னடைவு என்றே சொல்ல வேண்டும். ஈட்டுத்தொகை வாங்குகிறவருக்குக் காற்றாலை ஒரு தொல்லை. பங்கு வைத்திருப்பவருக்கு அது சொத்து. தொல்லைக்கு எதிராக வழக்குப் போடுவார்கள். சொத்தின் இறக்கை சுற்றாமல் நின்றால் ஜன்னலைத் திறந்து பார்ப்பார்கள்.

தீவின் மேற்குக் கரையில் சேல்விக் துறைமுகம். அங்கிருந்து ஜட்லாந்துக்குப் போகும் பெரிய கப்பலின் பெயர் இளவரசி இசபெல்லா. 2015-லிருந்து ஓடும் இந்தக் கப்பலைத் தீவின் நகராட்சியே வாங்கியது. டீசலுக்குப் பதிலாகத் திரவ இயற்கை எரிவாயுவில் ஓடும்படி வடிவமைத்தார்கள். மாட்டுச் சாணத்திலிருந்தும் காய்கறிக் கழிவிலிருந்தும் தீவிலேயே உயிர்வாயு தயாரித்து அதில் கப்பலை ஓட்டுவது என்பது கனவு. கப்பல் வந்த வேகத்துக்கு உயிர்வாயு ஆலை வரவில்லை. இந்த இடத்தில், 1997 போட்டியில் சாம்சோவிடம் தோற்ற ஏரோ தீவு முந்திக்கொண்டது. 2019-லிருந்து அங்கே எல்லென் என்ற மின்கப்பல் ஓடுகிறது. 4.3 மெகாவாட் மணி பேட்டரி. கார்களையும் பயணிகளையும் ஏற்றிக்கொண்டு 22 கடல்மைல் போய்வரும். தோற்ற தீவுகளும் சும்மா இருக்கவில்லை. அந்தப் போட்டியின் மிக நல்ல விளைவு இதுவாகவே இருக்கலாம்.

தமிழ்நாட்டுக்கும் டென்மார்க் காற்றுக்கும் பழைய உறவு உண்டு. 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கயத்தாறிலும் முப்பந்தலிலும் டென்மார்க் அரசின் உதவியோடு காற்றாலைகள் எழுந்தன. ஆரல்வாய்மொழிக் கணவாயில் இன்று எந்தப் பக்கம் திரும்பினாலும் இறக்கைகள்தான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை நூற்பாலைகளுக்கும் சிமென்ட் ஆலைகளுக்கும், வரிச்சலுகைக்காக முதல் போட்டவர்களுக்கும் சொந்தம். காற்றாலையின் நிழல் விழும் கிராமத்தில் நிலத்தை விற்றவர் உண்டு, காவலாளி வேலை பார்ப்பவர் உண்டு. பங்கு வைத்திருப்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தொழில்நுட்பம் டென்மார்க்கிலிருந்து வந்தது, கூட்டுறவு வரவில்லை.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஓடந்துறை ஊராட்சி. ஆர். சண்முகம் தலைவராக இருந்தபோது, 2006-ல், அந்த ஊராட்சி உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை விலைக்கு வாங்கியது. செலவு 1.55 கோடி ரூபாய். சேமிப்பில் இருந்த 40 லட்சத்தைப் போட்டு, மீதியை வங்கியில் கடன் வாங்கினார்கள். ஆண்டுக்கு ஆறே முக்கால் லட்சம் யூனிட் அளவுக்கு மின்சாரம் கிடைத்தது. ஊராட்சியின் சொந்தத் தேவை நாலரை லட்சம். மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்று, அந்த வருமானத்தில் கடனையும் அடைத்தார்கள். சாம்சோவில் எத்தனையோ கூட்டங்கள் போட்டுச் சாதித்ததை இங்கே ஓர் ஊராட்சி தீர்மானம் போட்டுச் செய்தது. தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் இருக்கின்றன. ஓடந்துறையின் பெயர் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்பது வேதனையான விஷயம்.

சாம்சோ போக எல்லோருக்கும் வாய்க்காது. மேட்டுப்பாளையம் போக வாய்க்கும். போக முடியாதவர்கள் அடுத்த கிராம சபைக்காவது போக வேண்டும். நம் ஊரின் தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் ஆண்டுக்கு எத்தனை யூனிட் ஆகிறது, எவ்வளவு பணம் கட்டுகிறோம் என்ற இரண்டு எண்களை ஊராட்சிச் செயலாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஓடந்துறை தன் சேமிப்பை எடுத்து வைப்பதற்கு முன்னால் அறிந்திருந்த எண்கள் அவை.